19 பேருக்கு நடுவே ஒரு குரல்

2018 ஜனவரி 6, சென்னை. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் மேடை. பறை, சட்டி, கிட்டார், டிரம்ஸ் என்று மொத்தம் 19 பேர். அவர்களில் ஒருவர் அரக்கோணத்து இளைஞர், ராப் பாடகர் அறிவு. அத்தனை முழக்கத்திலும் அவர் ராப்பின் ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டும். எப்படி விழுகிறது?

சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். டெசிபல் என்பது ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு. பக்கத்தில் அடிக்கும் டிரம் 100-ஐத் தாண்டும். நாற்பதுதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். ஆற்றல் கணக்கில் அது 10,000 மடங்கு.

மைக் அந்த இடைவெளியைச் சரிக்கட்டிவிடும். ஆனால் உண்மையான சண்டை நடப்பது நம் காதுக்குள். உட்காதில் சுருண்டு கிடக்கும் காக்ளியா என்ற குழலை விரித்தால் 35 மில்லிமீட்டர், ஒரு தீக்குச்சி நீளம்கூட வராது. கீச்சென்ற ஒலிகளை அதன் வாசல் பக்கம் உணர்கிறது. கனத்த ஒலிகளைக் கடைக்கோடி உணர்கிறது. முரசின் அதிர்வு கடைக்கோடிக்குப் போக வேண்டுமானால் வாசலைக் கடந்தாக வேண்டும். போகிற போக்கில் கீச்சொலிகளின் இடத்தையும் உலுக்கிவிடுகிறது. அதனால்தான் முரசு குரலை எளிதில் மூடுகிறது, குரலால் முரசை மூட முடிவதில்லை. இதற்கு 'ஒலிமறைப்பு' என்று பெயர்.

தப்பிக்க ஒரு சந்து இருக்கிறது. நம் காதுத் துளை இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழாய். நொடிக்கு 2,000 முதல் 5,000 வரை அதிர்கிற ஒலிகளை அது தானாகவே பெருக்கிக் கொடுக்கும். திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயில் தீபத் திருவிழாவில் தவில் அதிரும்போதும் நாதஸ்வரம் தனியாகக் கேட்கிறதே, அதன் மேலொலிகள், அதாவது அடிப்படைச் சுரத்தின் மேல் அடுக்கடுக்காக எழும் துணை ஒலிகள், இந்தச் சந்தில் வலுவாகப் புகுந்துவிடுவதுதான் காரணம். ராப் பாடகருக்கு வல்லினம் கைகொடுக்கிறது. 'ட', 'ச', 'த' வெடித்து வரும்போது அவற்றின் கூர்மை பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்.

கெட்டிக்கார ஒலிப்பொறியாளர் குரலை ஏற்ற மாட்டார். இதே அதிர்வெண்களில் கிட்டாரைக் கொஞ்சம் இறக்குவார். கிட்டார் குறைந்தது யாருக்கும் தெரியாது. சொல் மட்டும் துலங்கும். ஒலிக்கலையில் எனக்குப் பிடித்த களவு இது.

குழுவுக்கு வெளியேயும் அறிவின் பயணம் நீண்டது. 2019-இல் இசையமைப்பாளர் ஓஃப்ரோவுடன் 'தெருக்குரல்'. 2021-இல் சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி தீயுடன் 'எஞ்சாய் எஞ்சாமி', உலகமே கேட்டது. 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்ற சொந்த ஆல்பம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் பெயர் அதில் இருக்கிறது.

தனியாகப் பாட வந்தவருக்குச் சிக்கல் தலைகீழ். மறைக்க ஆளில்லை, குரல் மெலிந்து கேட்கும். முதல் வைத்தியம் மைக்கை நெருங்குவது. உதட்டருகே வைத்தால், முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும் வகை மைக்குகள் கனத்த ஒலிகளைத் தாமாகவே கூட்டிவிடும். கேட்பவருக்குப் பாடகர் தன் காதோரம் பேசுவதுபோல் இருக்கும்.

இரண்டாவது வைத்தியம், ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது. யாராலும் இரண்டு முறை அச்சு அசலாகப் பாட முடியாது. அந்த நூலிழைப் பிசகுதான் குரலுக்குச் சதைப்பற்று தருகிறது. பீட்டில்ஸின் ஜான் லெனனுக்கு இரண்டாம் முறை பாடுவது அலுப்பு. அதற்காகவே 1966-இல் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பொறியாளர் கென் டவுன்செண்ட், இன்னொரு டேப் இயந்திரத்தில் குரலைச் சில மில்லிநொடி தள்ளி ஓட்டி, இயந்திரத்தையே இரண்டாவது பாடகராக்கினார்.

மைக்கேல் ஜாக்சனுக்கு அந்த அலுப்பே கிடையாது. அண்ணன்களோடு 'ஜாக்சன் 5'-இல் வளர்ந்தவர், 1979-இல் 'ஆஃப் தி வால்' ஆல்பத்தில் தனி நட்சத்திரமானார். பின்னணிக் குரல்களுக்கு ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் அவரை மைக்கருகே நிறுத்திப் பாட வைப்பார். பிறகு சில அடி பின்னால் தள்ளி, அதே வரியை மறுபடியும் பாட வைத்து, மைக்கின் திறனை ஏற்றிவிடுவார். இப்போது குரலோடு அறைச் சுவர்களின் எதிரொலியும் பதிவாகும். எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டினால் ஒரே ஆள் வரிசை வரிசையாக நின்று பாடுகிறார்.