உங்களுக்குத் தெரியுமா? “சார், த்ரீ செகண்ட்ஸ்!”

மேனாம்பேடு, கருக்கு, கள்ளிக்குப்பம் பக்கத்துப் பிள்ளைகள் ஆடும் கூடைப்பந்து மேட்ச் எதற்குப் போனாலும், கோட்டோரத்திலிருந்து ஒரு கூவல் கேட்காமல் இருக்காது: “சார், த்ரீ செகண்ட்ஸ்!” கூவுவது பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ. பெரும்பாலான நேரம் அது த்ரீ செகண்ட்ஸே இல்லை.

● ரிங்குக்கு அடியில் இருக்கும் செவ்வகம்தான் ‘கீ’. பையன்கள் ‘பெயின்ட்’ என்பார்கள். அகலம் 4.9 மீட்டர், இரண்டு ஆட்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். எதிரணியின் கீக்குள் தொடர்ந்து 3 நொடிக்கு மேல் தங்கக் கூடாது. பந்து அந்த ஆட்டக்காரர் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் அணியிடம் இருந்தாலே எண்ணிக்கை ஓடும்.

● ஆனால் எப்போதிலிருந்து எண்ணுவது? பந்து நடுக்கோட்டைத் தாண்டி முன்பாதிக்கு வந்திருக்க வேண்டும், ஆட்டக் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அணியின் உயரமான பையன் முன்னாலேயே ஓடிப்போய் ரிங்குக்குக் கீழே நிற்கிறான், பந்து இன்னும் பின்பாதியில் தட்டிக்கொண்டு வருகிறது என்றால், அவன் நிற்கும் நேரம் கணக்கில் வராது. எண்ட்லைனிலிருந்து பந்தை உள்ளே போடக் காத்திருக்கும்போதும் அப்படித்தான். மைதானத்துக்குள் இருக்கும் ஒருவர் பந்தைத் தொடும்வரை கடிகாரம் நிற்கிறது. கீக்குள் நிற்பவரைக் கேட்க ஆளில்லை.

● சின்னப் பிள்ளைகள் மேட்சில் அடிக்கடி நடப்பது இது: ஒரே பெண் ரிங்குக்கு அடியில் நின்று எறிகிறாள், தவறுகிறது, தானே ரிபவுண்ட் எடுக்கிறாள், மறுபடி எறிகிறாள், மறுபடி ரிபவுண்ட். பார்ப்பவர்கள் பத்து நொடி ஆகிவிட்டது என்று கொதிப்பார்கள். ஷாட் கையை விட்டு எழும்பியதுமே பழைய கணக்கு முடிந்துபோகும். ரிபவுண்ட் எடுத்தால் புதுக்கணக்கு.

● இதற்கு நேர்மாறான ஒன்று. பாஸ் போகும்போது தடுப்பாளர் கைபட்டுப் பந்து தெறித்தால் கணக்கு அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அழியாது. எதிரணி பந்தைக் கைப்பற்றும்வரை, பழைய அணியிடமே பந்து இருப்பதாகத்தான் விதி கொள்கிறது.

● கோட்டை மிதித்தாலும் கீக்குள் இருப்பதாகவே அர்த்தம் (எண்ட்லைன் மட்டும் விதிவிலக்கு). வெளியேறியதாகக் கணக்கு வர, இரண்டு பாதங்களும் வெளியே தரையில் பட வேண்டும். கெட்டிக்காரப் பையன்கள் இடது ஷூவின் நுனியை மட்டும் கோட்டுக்கு அப்பால் தொட்டு உள்ளே இழுத்துக்கொள்வார்கள். வலது கால் அசைந்திருக்காது. எண்ட்லைன் பக்கம் நிற்கும் ரெஃப்ரி பந்தை விட்டு அந்தக் காலைப் பார்ப்பது இதற்காகத்தான்.

● இந்த விதியே ஒரு சண்டை மேட்சின் பிள்ளை. 1935 ஜனவரி 5, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன்: கென்டக்கி பல்கலைக்கழகமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் ரிங்குக்கு அடியில் இடித்துத் தள்ளி ஆடின. 23–22 என்று நியூயார்க் ஜெயித்தது. கென்டக்கியின் ஆஜானுபாகு சென்டர் லீராய் எட்வர்ட்ஸ் பெயர் இன்றும் இந்த விதியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறு வருடமே, 1936-ல், 3 நொடி விதி வந்தது. அப்போது கீயின் அகலம் 6 அடிதான். ஜார்ஜ் மைக்கன் என்ற நெட்டையரைத் தாங்க முடியாமல் 1951-ல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. அதை 12 அடியாக்கியது. இன்னொரு நெட்டையர் வில்ட் சேம்பர்லெயினுக்குப் பிறகு, 1964-ல், 16 அடி. நெட்டையர் ஒருவர் வந்தால் கோடு ஒரு பக்கம் நகரும்!

● பழைய சிமென்ட் தரை எதிலாவது, ரிங் பக்கம் அகன்றும் ஃப்ரீ த்ரோ பக்கம் குறுகியும் ஒரு சரிவகம் மங்கலாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா 2010 வரை வைத்திருந்த கீ அது. அடிப்பக்கம் 6 மீட்டர்.

● தடுப்பவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஆட்டம் முழுக்கக் கீக்குள்ளேயே நிற்கலாம். செல்போனில் என்.பி.ஏ. பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தடுப்பவருக்கான 3 நொடி விதி 2001–02 சீசனில் வந்த என்.பி.ஏ.வின் தனிச் சட்டம். நம் பள்ளி மேட்சுகள் ஃபிபா வழி.

● 5 நொடி, 8 நொடிக் கணக்குகளை ரெஃப்ரி கையை வீசி எண்ணுவார். 3 நொடி மட்டும் மனதுக்குள். வெளியே கத்துபவரின் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ எப்போதும் ஒன்றரை நொடியில் முடிந்துவிடும்! அதோடு, வெளியேற முயல்பவரையும், எறியப் போகும் வேகத்தில் டிரிபிள் செய்பவரையும் ரெஃப்ரி விட்டுவிடலாம், விதியிலேயே இடமிருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் நல்ல பி.டி. சார்கள் விசிலை வாயில் வைத்துக்கொண்டே, “தம்பி, வெளியே வா” என்று ஒரு தடவை சொல்லிவிடுவார்கள். அதுதான் சரி என்பது என் கட்சி. மூணாவது நொடியில் விசில் அடித்தே தீருவேன் என்பவரிடம் பிள்ளைகள் விதியைக் கற்பதில்லை, பயத்தைத்தான் கற்கிறார்கள்.

● அந்த பி.டி. சார்களுக்கு ஒரு வம்சாவளி உண்டு. சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கிய எச்.சி. பக், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்ததும் அதே ஊர் ஒய்.எம்.சி.ஏ. பள்ளியில். அவர் எழுதிய 13 விதிகளில் 3 நொடி இல்லை.

● தண்டனை என்ன? ரெஃப்ரி மூன்று விரல் நீட்டிக் காட்டுவார், பந்து எதிரணிக்குப் போகும். ஃபவுல் கணக்கில் ஏறாது. ஆனால் விசிலுக்குப் பிறகு எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தாலும் பாயிண்ட் இல்லை.