காமத்துப்பால் இல்லாத திருக்குறள்: வீரமாமுனிவரின் இலத்தீன் பெயர்ப்பும் மனித இயல்பு பற்றிய வினாவும்

முன்னுரை

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடபுறத்தே அமைந்த சிற்றூர் ஏலாக்குறிச்சி. 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்திலும், பின்னர் 2007இல் அதனின்றும் பிரிந்த அரியலூர் மாவட்டத்திலும் இடம்பெற்ற இவ்வூரைத் தமிழிலக்கிய வரலாறு திருக்காவலூர் என்னும் பெயரால் அறியும். இத்தாலியில் பிறந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் (1680–1747) இவ்வூரைத் தம் பணியின் நடுவிடங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தார். அரியலூரை ஆண்ட மழவராயர் இங்குள்ள அடைக்கல மாதா திருத்தலத்திற்கு நிலம் வழங்கினார் என்பது ஊர்வழக்கு. முனிவர் தாம் பாடிய கலம்பகத்திற்கும் இவ்வூரின் பெயரையே சூட்டினார்.

தேம்பாவணி, தொன்னூல் விளக்கம், சதுரகராதி முதலிய அவருடைய ஆக்கங்கள் பலவாறு ஆராயப்பெற்றுள்ளன. 1730 அளவில் அவர் செய்த திருக்குறளின் இலத்தீன் பெயர்ப்போ பெரும்பாலும் ஒற்றை வரியில் குறிக்கப்பெற்று விடுகிறது. அவ்வொற்றை வரியிலும் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும்: அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெயர்த்த முனிவர் காமத்துப்பாலை விட்டுவிட்டார் என்பதே அது. துறவி ஒருவர் காமத்தைப் பற்றிய பகுதியை விடுத்ததில் வியப்பென்ன என்று அதனைக் கடந்துவிடுவது வழக்கமாயிற்று. எது விடுபட்டது என்பதோடு நில்லாமல், விடுபாட்டினால் எஞ்சியது எவ்வாறு மாறிற்று என்று நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி. வாழ்வு, அறம், அன்பு, மனித இயல்பு ஆகியவை பற்றிக் காலங்கடந்த உண்மைகளைக் கூறும் நூல் எனக் குறளைப் போற்றுகிறோம். அந்நூலின் ஒரு பாலை நீக்கினால், ஏனைய இரு பால்களும் முன்பு கூறியதையே கூறுகின்றனவா?

கயமையில் முடியும் நூல்

பரிமேலழகர் வைப்புமுறைப்படி அறத்துப்பாலில் 38 அதிகாரங்களும் பொருட்பாலில் 70 அதிகாரங்களும் காமத்துப்பாலில் 25 அதிகாரங்களும் உள்ளன. 1330 குறட்பாக்களுள் 1080 மட்டுமே முனிவரின் இலத்தீனுக்குச் சென்றன. அளவால் நோக்கின் விடுபட்டது ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவே. ஆயின் நூலொன்றின் முடிவு அளவால் மதிப்பிடத்தக்கதன்று.

பொருட்பாலின் இறுதி அதிகாரம் கயமை. அதன் இறுதிக் குறளான 1080, கயவர் எதற்குத்தான் உரியர் என வினவி, துன்பம் ஒன்று வந்துற்றால் தம்மை விரைந்து விற்றுவிடுதற்கே உரியர் என்று விடையிறுக்கிறது. இலத்தீன் வழியாகக் குறளைக் கற்ற ஐரோப்பியர் ஒருவர் நூலை மூடும்போது அவர் கண்முன் எஞ்சி நின்ற மனிதன் இவனே. முழுநூலின் இறுதிக் குறளான 1330ஓ ஊடலைக் காமத்திற்கு இன்பமாகவும், ஊடல் தீர்ந்து கூடுதலை அவ்வூடலுக்கு இன்பமாகவும் உரைத்து நிறைவுறுகிறது. தன்னை விற்றுக்கொள்பவனில் முடியும் நூலும், பிணங்கிய இருவர் மீண்டும் தழுவிக்கொள்வதில் முடியும் நூலும் மனித இயல்பைப் பற்றி ஒரே தீர்ப்பை வழங்குவன அல்ல. இவ்வொரு வேறுபாடே இப்பொருளைத் தனித்து ஆராய்வதற்குப் போதிய காரணமாகும்.

இரண்டு குறிப்பறிதல்கள்

திருக்குறளில் ஒரே தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு அமைந்திருப்பது குறிப்பறிதல் என்பதற்கு மட்டுமே. 71ஆம் அதிகாரம் பொருட்பாலில், அமைச்சியலில் உள்ளது. 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில், களவியலில் உள்ளது. முன்னையதை முனிவர் பெயர்த்தார், பின்னையதை விடுத்தார்.

தலைப்பு ஒன்றாதல் தற்செயல் அன்று என்பதை இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர் உணரலாம். அரசன் வாய்திறந்து கூறாமலே அவன் கருத்தை முகத்தால் அறிபவனைப் 71ஆம் அதிகாரம் போற்றுகிறது. அடுத்திருப்பதன் நிறத்தைக் காட்டும் பளிங்குபோல் நெஞ்சில் மிக்கதை முகம் காட்டும் என்கிறது (706). நுண்ணறிவுடையோம் என்பார் பிறரை அளக்கும் கோல் கண்ணே என்று முடிகிறது (710). 110ஆம் அதிகாரத்திலும் இதே கல்விதான் நிகழ்கிறது. தான் நோக்குங்கால் நிலத்தை நோக்கி, நோக்காக்கால் தன்னை நோக்கி மெல்ல நகும் ஒருத்தியின் உள்ளத்தைத் தலைவன் படித்தறிகிறான் (1094). அயலார்போலப் பேசும் சொல்லின் உள்ளே பகையின்மை இருப்பதையும் அவன் உணர்கிறான் (1096). இவ்வதிகாரத்தின் இறுதிக் குறளும் கண்ணைப் பற்றியதே: கண்ணோடு கண் நோக்கால் ஒத்துவிடின் வாய்ச்சொற்களால் பயன் ஏதுமில்லை (1100).

இரு அதிகாரங்களும் கண்ணில் முடிகின்றன. ஆனால் அக்கண்களின் தொழில் வேறு. 710இல் கண் அளவுகோல். அளப்பவன் ஒருவன், அளக்கப்படுபவன் மற்றொருவன். அளப்பவன் தன்னை வெளிப்படுத்த வேண்டியதில்லை, அவையில் அது நன்றும் அன்று. 1100இல் இரு கண்களும் ஒருசேர அறிகின்றன, அறியப்படுகின்றன. பிறர் உள்ளத்தை அறிதல் என்பதற்கு வள்ளுவர் இவ்விரு வடிவங்களையும் காட்டினார். 110ஆம் அதிகாரம் இல்லாத நூலில் பிறரை அறிதல் என்பது அவையில் பிழைப்பதற்குரிய திறனாகச் சுருங்கிவிடுகிறது. அத்திறன் இழிந்ததன்று, ஆயினும் அதுவே முழுமையும் அன்று.

தாழும் தோல்வியும்

இத்தகைய இணைப்புகள் பால்களைக் கடந்து நூல்முழுதும் ஓடுகின்றன. அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறள் (71), அன்பை அடைத்துவைக்கும் தாழ் உண்டோ என வினவுகிறது. அன்புடையார் கண்ணில் துளிர்க்கும் நீரே உள்ளிருப்பதைப் பலரறியச் செய்துவிடும் என்கிறது. நிறையழிதல் அதிகாரத்தின் முதற்குறளில் (1251) தலைவி அதே தாழை மீண்டும் எடுத்தாள்கிறாள். நிறை என்பது கதவு. நாணம் அக்கதவில் இட்ட தாழ். காமம் அதனை உடைக்கும் கோடரி. அறத்துப்பாலில் மெல்லக் கசியும் கண்ணீராக இருந்தது இங்குக் கோடரியின் வீச்சாகிறது. விசையில் வேறுபட்டாலும், மனிதனின் உள்ளே இருப்பதைத் தாழிட்டுக் காக்க இயலாது என்னும் கருத்து ஒன்றே. அன்பும் காமமும் வள்ளுவருக்கு முற்றிலும் வேறான இரு பொருள்கள் அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான அகச்சான்று தேவையில்லை.

தோல்வி பற்றிய கருத்தும் இவ்வாறே. சால்பை உரைத்துப் பார்க்கும் கல் எது என வினவும் 986ஆம் குறள், தமக்கு நிகரல்லாதாரிடத்தும் தோல்வியை ஏற்றுக்கொள்ளுதல் என்கிறது. சான்றோர்க்கும் எளிதில் கைகூடாத இப்பண்பு ஊடலுவகை அதிகாரத்தில் இல்லத்தினுள் நாள்தோறும் பயிலப்படுகிறது: ஊடலில் தோற்றவரே வென்றவர், அவ்வெற்றி கூடலில் தெரியும் (1327). பொருட்பால் அரிய பண்பாகக் கூறியதற்குக் காமத்துப்பால் பயிற்சிக்களம் காட்டுகிறது எனலாம்.

காமம் என்னும் சொல்லே இங்கு இடர் விளைப்பது. காமம், வெகுளி, மயக்கம் ஆகிய மூன்றன் பெயரும் கெட்டொழிந்தால் துன்பம் கெடும் என மெய்யுணர்தல் அதிகாரம் (360) கூறுகிறது. அதே சொல்லைத் தலைவன் தலைவியரின் உறவுக்குரியதாக்கி 250 குறட்பாக்கள் இயற்றியவரும் அவரே. இலத்தீன் பெயர்ப்பில் 360 உண்டு; அதனை ஈடுசெய்யும் 250 இல்லை. ஆண் பெண் வேட்கையைத் தொட்டுப் பேசுவனவாக அப்பெயர்ப்பில் எஞ்சுவன பிறனில் விழையாமை (15), பெண்வழிச் சேறல் (91), வரைவின் மகளிர் (92) போன்ற அதிகாரங்களே. விலக்கத்தக்க வடிவங்கள் மட்டும் இடம்பெற, வேட்கை என்பதே விலக்கத்தக்கது என்னும் முடிவு தானே வந்துவிடுகிறது. வள்ளுவர் அம்முடிவை யாண்டும் கூறவில்லை.

பெண்ணின் குரல் குறித்தும் இவ்விடத்தே கூறியாக வேண்டும். முதலிரு பால்களில் பெண் பேசப்படுகிறாள், பேசுவதில்லை. வாழ்க்கைத் துணைநலம் (6) அவளைப் புகழ்கிறது, பெண்வழிச் சேறல் அவள் சொற்கேட்டு நடப்பவனை இகழ்கிறது. இரண்டிலும் கூற்று நூலாசிரியருடையது. கற்பியலின் 18 அதிகாரங்களிலோ பெரும்பகுதி தலைவியின் கூற்றாகவே அமைகிறது. கண்ணோடும் நெஞ்சோடும் மாலைப்பொழுதோடும் அவள் வழக்காடுகிறாள். காமத்துப்பால் நீங்கிய நூலில் மனிதகுலத்தின் ஒரு பாதி வாய்திறப்பதே இல்லை. விடுபாடுகள் யாவற்றுள்ளும் இதுவே பேரிழப்பு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அச்சமா, நிலைப்பாடா?

முனிவர் அகமரபை அறியாதவர் அல்லர். கலம்பகத்திற்குரிய 18 உறுப்புகளுள் கைக்கிளை, தூது, இரங்கல், தழை முதலியன அகத்திணை வழிவந்தவை. திருக்காவலூர்க் கலம்பகம் பாடத் துணிந்தவர் அம்மரபைக் கற்றே துணிந்திருப்பார். எனவே விடுபாட்டிற்கு அறியாமை காரணமாகாது. சமயப் பணியாளர் பயிலும் பெயர்ப்பு என்பதால் நேர்ந்த கூச்சம் என்பது ஒரு விளக்கம். அது பொருந்தும், ஆயினும் போதாது.

தேம்பாவணியை இவ்விடத்தே நினைவுகூர்தல் தகும். 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட அக்காப்பியத்தின் தலைவன் வளன் எனப்பெறும் சூசை. தூய்மை நோன்பு பூண்டவன், மணம் புரிந்தும் அந்நோன்பில் நின்றவன். காமம் கலவாத இல்லறம் முழுமையான இல்லறமாகும் என்பது அக்காப்பியத்தின் அடிப்படை. இந்நம்பிக்கையுடைய ஒருவர் இல்லறவியலைப் பெயர்த்துக் காமத்துப்பாலை விடுத்தது முரணன்று. அவர் நோக்கில் நூல் 1080இலேயே நிறைவெய்தியிருக்கக்கூடும். அங்ஙனமாயின் இதனைக் கூச்சம் என்பதைவிடக் கருத்து வேறுபாடு என்பதே சரி. நிறைமனிதன் யார் என்னும் வினாவிற்கு ஏலாக்குறிச்சித் துறவி ஒரு விடையும் வள்ளுவர் மற்றொரு விடையும் தந்தனர். வள்ளுவரும் துறவறவியல் பாடியவரே. எனினும் அதனை முற்படப் பாடி, காமத்துப்பாலை நூலின் இறுதியில் வைத்தார்.

முனிவருக்குப் பின்வந்தோரிடம் இத்தகைய நிலைப்பாடு காணப்பெறவில்லை. அவர்களிடம் இருந்தது பெரிதும் அச்சமே. முதல் 63 அதிகாரங்களை ஆங்கிலத்தில் பெயர்த்த ட்ரூ, மூன்றாம் பாலை ஐரோப்பிய மொழியொன்றில் பெயர்ப்பவர் பழிக்கு ஆளாவர் எனக் கருதினார். செருமானியச் சமயப் பணியாளரான கார்ல் கிரவுலுக்கு அவ்வச்சம் இல்லை. 1856இல் செருமன் மொழியிலும் அதனையடுத்து இலத்தீனிலும் காமத்துப்பால் உள்ளிட்ட நூல் முழுவதையும் அவர் தந்தார். ஜி.யு.போப் தொடக்கத்தில் தயங்கிப் பின்னர்த் தயக்கம் நீங்கி மூன்று பாலையும் பெயர்த்தார்.

தமிழகத்திலும் இக்கோடு அழியவில்லை. 2016இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான பாடத்திட்டத்தில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் சேர்க்குமாறு ஆணையிட்டது. மாணவர் அகவை கருதிய அவ்வரையறைக்கு நியாயம் உண்டு. அதனை முனிவரின் விடுபாட்டோடு ஒப்பிட்டுக் குறைகூறுதல் முறையன்று. ஆனால் அகவை முதிர்ந்தோரும் குறளை நீதிநூல் என்ற அளவில் மேற்கோள் காட்டி மூன்றாம் பாலைப் புலவர்க்குரியதென ஒதுக்குவதற்கு அந்நியாயம் பொருந்தாது.

போப் 1886இல் வெளியிட்ட பதிப்பின் குறிப்புரைப் பகுதியில் எல்லிசின் பெயர்ப்போடு வீரமாமுனிவரின் இலத்தீன் பெயர்ப்பும் மறுபதிப்பாக இடம்பெற்றது. 1080ஆம் குறள் வரையே அதில் முனிவரின் இலத்தீன் உடன்வரும். தகையணங்குறுத்தல் தொடங்கும் 1081இலிருந்து போப்பின் ஆங்கிலம் முனிவரின் துணையின்றித் தனியே செல்கிறது.