சுவர்க் குதையும் யூ.எஸ்.பி. துவாரமும்

இலங்கை இல்லங்களுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ற்று, யூ.எஸ்.பி. துவாரம் பொதுவாகக் கைத்தொலைபேசிக்கு அளிப்பதோ 5 வோல்ற்று. துவாரம் சுவர்க் குதையிலேயே அமைந்திருப்பின், இவ்விரண்டையும் பிரித்து வைப்பது உள்ளே மறைந்துள்ள சிறு நிலைமாற்றியின் காவலிப் படையே. தரமற்ற பொருளில் அது மெலிந்திருத்தல் கூடும். அது பழுதுற்றால், தொலைபேசியைப் பற்றிய குழந்தையின் கையையும் 230 வோல்ற்று தாக்கலாம்.

தனி மின்னேற்றியைக் கழற்றி வைக்கலாம். சுவரினுள் இருப்பதோ, சில வகைகளில் ஆளியை அணைத்த பின்னரும் மின்னிணைப்பிலேயே இருக்கும். ஆதலின் தரச்சான்றுள்ளதைத் தேர்ந்து, தகுதிபெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டே பொருத்துவித்தல் வேண்டும். குதை சூடேறினாலோ, கருகல் மணம் எழுந்தாலோ, பிரதான ஆளியை உடனே அணைத்தல் வேண்டும். 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வீட்டின் காவலன். அதன் சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பார்த்தல் இல்லத்தார் கடமை.