12 வோல்ட் 15.6 வோல்ட் ஆவது எப்படி?

சென்னையின் மேற்கே, பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையில் மோட்டார் வண்டிகளுக்கான ஆல்டர்னேட்டர்கள் தயாராகின்றன. ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மாறுதிசை மின்னோட்டம். பாட்டரிக்கோ நேர்திசை மின்னோட்டம் வேண்டும். ஆகவே அதனுள்ளேயே டையோடுகளைப் பொருத்தி, மின்னோட்டத்தைத் திருத்தி வெளியே அனுப்புகிறார்கள். அறிவியல் கண்காட்சிக்காக நீங்கள் செய்யும் சிறிய 'எலிமினேட்டர்' செய்வதும் இதே வேலையைத்தான்.

மின்மாற்றியின் மேல் '12 வோல்ட்' என்று எழுதியிருக்கிறது. அதனுடன் நான்கு டையோடுகளையும் ஒரு மின்தேக்கியையும் இணைத்து வோல்ட்மீட்டரைப் பாருங்கள். முள் 15-க்கும் மேலே போய் நிற்கும்! இந்த உபரி எங்கிருந்து வந்தது?

உபரி எதுவும் வரவில்லை. 12 வோல்ட் என்பது பயனுறு மதிப்பு. அதாவது, 12 வோல்ட் பாட்டரியில் ஒரு பல்பு எவ்வளவு பிரகாசமாக எரியுமோ, இதிலும் அவ்வளவே எரியும். ஆனால் மாறுதிசை மின்னழுத்தம் ஒரே அளவில் நிற்பதில்லை, ஏறி இறங்குகிறது. அதன் உச்ச மதிப்பு, பயனுறு மதிப்பைப்போல் 1.414 (√2) மடங்கு. மின்தேக்கி இந்த உச்சம் வரை மின்னேற்றம் பெறுகிறது.

12 × 1.414 = 17 வோல்ட் (ஏறத்தாழ)

மின்னோட்டம் ஒவ்வொரு தடவையும் இரண்டு சிலிக்கன் டையோடுகளைக் கடக்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 0.7 வோல்ட் குறையும்.

17 − 1.4 = 15.6 வோல்ட்

இனி, 0.1 ஆம்பியர் இழுக்கும் ஒரு சுற்றை இணைப்போம். ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் இடையே மின்தேக்கிதான் தன் கையிருப்பைத் தரவேண்டும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே நொடிக்கு 100 உச்சங்கள், இடைவெளி 0.01 நொடி. மின்தேக்கி 1000 மைக்ரோ ஃபாரட் (0.001 ஃபாரட்) என்றால்,

இறக்கம் = 0.1 × 0.01 ÷ 0.001 = 1 வோல்ட்

0.5 ஆம்பியர் இழுத்தாலோ 5 வோல்ட்! அப்போது பெரிய மின்தேக்கி தேவை. ஆல்டர்னேட்டரில் மூன்று கட்டங்களின் உச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அதனால் அங்கே பள்ளம் இவ்வளவு ஆழமாவதில்லை.

16 வோல்ட் மின்தேக்கி போதும் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டு மின்னழுத்தம் 230-லிருந்து 10 சதவீதம் உயர்ந்தாலே, 15.6 என்பது 17.3 ஆகிவிடும். தாங்காத மின்தேக்கி சூடேறி வெடிக்கக்கூடும். 25 வோல்ட் என்று குறித்ததையே வாங்குங்கள். நேர், எதிர் முனைகளையும் மாற்றிவிடாதீர்கள். 230 வோல்ட் பக்கத்து இணைப்பை ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே செய்யுங்கள்.

சரி, 9 வோல்ட் மின்மாற்றியானால் எத்தனை வோல்ட் கிடைக்கும்? கடைக்குப் போகுமுன் கணக்கிட்டுப் பாருங்கள்.