பெரிய சுத்தமும் வீட்டின் பாதுகாப்பும்

வீடு முழுவதையும் ஒட்டடை அடித்துக் கழுவும் பெரிய சுத்தம் திருவனந்தபுரம் ஆரியசாலைப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் பண்டிகைகளோடு சேர்ந்தே வருகிறது. பொங்கலுக்கு முன் போகிக்கு ஒரு முறை, கும்ப மாத ஆற்றுகால் பொங்காலைக்கு ஒரு முறை, வேளிமலைக் குமாரசுவாமி எழுந்தருளி ஆரியசாலை தேவி கோயிலில் தங்கும் நவராத்திரிக்கு ஒரு முறை. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி மழை பிடிக்கும் முன் செய்வது இன்னொன்று. அலமாரிக்குப் பின்னால் இருக்கும் மின்கம்பியும், பரணின் மூலையும், கேஸ் குழாயின் அடிப்பக்கமும் கண்ணில் படுவது இந்த நாட்களில்தான். அழுக்கை நீக்குவதோடு ஆபத்தையும் தேடிக் களைவதற்கு இதைவிட நல்ல வேளை இல்லை. அதே சமயம், சுத்தம் செய்யும் வேலையிலேயே சில ஆபத்துகள் உண்டு.

சுத்தம் செய்யும் பொருட்கள்

பிளீச்சிங் பவுடர், ஆசிட், லோஷன் எல்லாம் பக்கத்துச் சாலைக் கடைவீதியிலேயே கிடைக்கின்றன. இவற்றைத் தனித்தனியே பயன்படுத்த வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை கழுவும் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சிறு குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கிவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். ஒன்றைப் பயன்படுத்திய இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கையுறையும் தேவை.

பிளீச்சிங் பவுடர் தானாக எரிவதில்லை. ஆனால் வெப்பமோ ஈரமோ பட்டால் சிதைந்து சூடாகும். எண்ணெய், மண்ணெண்ணெய் போன்றவற்றோடு சேர்ந்தால் தீப்பிடிக்கவும் கூடும். 2023 மே மாதம் திருவனந்தபுரம் தும்பாவில் கேரள மருத்துவச் சேவைக் கழகத்தின் கிடங்கில் பிளீச்சிங் பவுடர் வைத்திருந்த பகுதி எரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதே மாதம் கொல்லத்திலும் ஆலப்புழையிலும் கழகத்தின் கிடங்குகளில் தீப்பிடித்தது. வீட்டில் இருப்பது ஒரு கிலோவே ஆனாலும் விதி ஒன்றுதான்: இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில், உலர்ந்த நிழலில், அடுப்புக்கும் எண்ணெய்க்கும் எட்டாத் தொலைவில் வைக்க வேண்டும். சுத்தம் செய்யும் எந்தப் பொருளையும் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் விஷம் குடித்துவிடுவதற்கு அந்தப் பாட்டிலே வழி காட்டிவிடும்.

உயரமும் மின்சாரமும்

பரணில் உள்ளவற்றை இறக்கும்போது நாற்காலி மேல் ஸ்டூல் வைத்து ஏறுவது விழுவதற்கே வழி. ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கனமான பித்தளைப் பாத்திரங்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. மொட்டைமாடியில் ஒட்டடை அடிக்கவோ மாங்காய் பறிக்கவோ அலுமினியக் கோலை உயர்த்தினால், வீட்டுக்கு வரும் மின்கம்பியில் அது பட்டுவிடலாம். கேரளத்தில் உயிர்கள் இப்படிப் போயிருக்கின்றன.

மின்விசிறியையும் சுவிட்ச் பலகையையும் துடைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். மக்கள் இ.எல்.சி.பி. என்று சொல்லும் மின்கசிவுத் தடுப்பான் வீட்டில் உள்ளதா என்று இந்த நாளிலேயே பார்க்கலாம். வீடுகளுக்கு ஏற்றது 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் வகை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தடுப்பானை மாற்ற வேண்டும். வெடித்த வயர், கருகிய பிளக், ஈரம் ஊறிய சுவரில் உள்ள சுவிட்ச் ஆகியவற்றை மழைக்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட வேண்டும்.

அடுக்களை

அடுப்பை நகர்த்தும்போது கேஸ் குழாயை முழு நீளத்துக்கும் தடவிப் பார்க்க வேண்டும். எலி கடித்த தடமோ விரிசலோ இருந்தால் உடனே மாற்ற வேண்டும். குழாயில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்து, ஐந்து ஆண்டு கடந்திருந்தால் விரிசல் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

கிணறும் தேங்கிய நீரும்

மழைக்கு முன் கிணற்றில் குளோரின் சேர்ப்பது கேரளத்தில் நெடுநாள் வழக்கம். வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். வெள்ளம் புகுந்து நீர் கெட்டிருந்தால் 5 கிராம். மீட்டர் கணக்கில் கிணற்றின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 785ஆலும் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். விட்டம் 1.5 மீட்டர், நீராழம் 3 மீட்டர் என்றால் சுமார் 5,300 லிட்டர். 13 கிராம் போதும். பவுடரை வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட வேண்டும். தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

டெங்கு பரப்பும் கொசு ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்டிவிடும். அதனால் பூச்சட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயர், கூரை ஓடையில் அடைத்த இலை ஆகியவற்றை வாரம் ஒரு நாள் காலி செய்ய வேண்டும். எலி நடமாடிய மூலைகளைக் கழுவும்போது காலணியும் கையுறையும் அணிய வேண்டும். காலில் புண் இருப்பவர்கள் அந்த வேலையைத் தவிர்க்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீர் புண் வழியே புகுந்தால் எலிக்காய்ச்சல் வரும். கழுவிய சில நாட்களில் காய்ச்சலும் தசைவலியும் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வெளியேற்றும் பொருட்கள்

பழைய பாயையும் துணியையும் போகியன்று கொளுத்தும் பழக்கத்தில் பிளாஸ்டிக்கும் டயரும் சேரக் கூடாது. நெருக்கமான சந்துகளில் அந்தப் புகை முதியவர்களையும் ஆஸ்துமாக்காரர்களையும் வாட்டும். கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கை வீடு தேடி வரும் ஹரித கர்ம சேனையிடம் கொடுத்துவிடலாம். குழல்விளக்கில் பாதரசம் உண்டு. அதை உடைக்காமல், பழைய பேட்டரிகளைப் போலவே தனியே கட்டிக் கொடுக்க வேண்டும். காலாவதியான மாத்திரைகளைப் பொறுக்கி எடுத்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பிரித்து அப்புறப்படுத்திவிட்டால் வேலை முடிந்தது.