தலைக்கட்டும் சந்தாவும்

ஒரு சேவைச் சங்கம் வளர்கிறதா தேய்கிறதா என்பதை அறிய அதன் உறுப்பினர் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். யார் எந்த ஆண்டில் சேர்ந்தார், எந்த ஆண்டோடு அவர் பெயர் நின்றுபோனது, அவர் விட்ட இடத்துக்கு யார் வந்தார் என்னும் மூன்று செய்திகளில் அச்சங்கத்தின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கும். அருப்புக்கோட்டையும் அதற்குக் கிழக்கே திருச்சுழி, நரிக்குடி வரை விரியும் மானாவாரிச் சீமையும் இந்த ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற இடங்கள். ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவே மழை பெய்து, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும் இப்பகுதியில், கண்மாய்க் கரையைக் காப்பதும், வறட்சியில் பிழைப்பு தேடி வெளியூர் போனவர்களின் வீட்டாரைப் பார்த்துக்கொள்வதும் தனி ஒருவரால் ஆகிற காரியங்கள் அல்ல. ஆகவே கூடிச் செய்வது இங்கே பழைய வழக்கம். கூடுகிறவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது என்ற முறை மட்டும் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது.

அந்த முறைகளில் பழையது தலைக்கட்டு. திருமணம் ஆகித் தனிக் குடும்பமாக எண்ணப்படும் ஆடவர் ஒருவரைத் தலைக்கட்டு என்பார்கள். ஊர்ப் பொதுக் காரியங்களுக்கான வரி ஆள் கணக்கில் வசூலிக்கப்படாமல் தலைக்கட்டுக் கணக்கில்தான் வசூலிக்கப்படும். இந்தக் கணக்கை ஓர் உறுதியான நிறுவனமாக வளர்த்தெடுத்தவை வணிகக் குடியேற்றங்களின் உறவின்முறைகள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் வேரூன்றிய நாடார் வணிகர்கள், தங்கள் சரக்கு தங்கிச் செல்லும் பேட்டைகளை அமைத்து, வாங்கும் பொருளுக்கும் விற்கும் பொருளுக்கும் ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்கென ஒதுக்கினார்கள். மகமை எனப்படும் அந்த ஒதுக்கீடும், திருமணமான ஒவ்வோர் ஆடவரும் தாமாகவே உறுப்பினராகிவிடும் அமைப்பும், முறைவைத்துப் பொறுப்பேற்ற முறைமைக்காரர்களும் சேர்ந்ததே உறவின்முறை. அமெரிக்க அறிஞர் இராபர்ட் ஹார்ட்கிரேவ் இச்சமூகத்தைப் பற்றி 1969-இல் வெளியிட்ட நூல் இந்த அமைப்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறது.

உறுப்பினர் சேர்க்கை என்ற ஒரு வேலையே உறவின்முறைக்கு இருந்ததில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பையன் கல்யாணம் முடித்தால் புதிய தலைக்கட்டு, அவ்வளவுதான். விலகுவதும் எளிதன்று, ஏனெனில் விலகுகிறவர் நன்மை தின்மைகளில் தனித்து நிற்க நேரும். இத்தகைய நிலையான உறுப்பினர் தளம் இருந்ததனால்தான் நீண்டகாலப் பணிகளைத் துணிந்து எடுக்க முடிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு, வீடுதோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, அதைத் திரட்டிப் பள்ளியை நடத்தினார்கள். அந்தப் பள்ளியில்தான் காமராசர் படித்தார். அருப்புக்கோட்டையிலும் நாடார்களின் உறவின்முறை, தேவாங்கர்களின் உறவின்முறை ஆகியவை நிறுவிய பள்ளிகளும், சைவ பானு சத்திரிய கல்லூரி, தேவாங்கர் கலைக் கல்லூரி ஆகியவையும் இன்றுவரை நடந்து வருகின்றன. ஒரு கல்லூரியைக் கட்டி ஐம்பது ஆண்டு நடத்துவதற்கு, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ஆள் இருப்பார்கள் என்ற நிச்சயம் வேண்டும். தலைக்கட்டு முறை அந்த நிச்சயத்தைத் தந்தது. ஆனால் பிறப்பால் வரும் உறுப்பினர் உரிமை பிறப்பாலேயே மற்றவர்களை வெளியே நிறுத்தியது என்பதும், பிடி அரிசி எடுத்துவைத்த பெண்ணின் பெயர் தலைக்கட்டுப் பட்டியலில் இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

இதற்கு நேர்மாறான உறுப்பினர் முறையோடு வந்தவை ரோட்டரியும் அரிமா சங்கமும். பால் ஹாரிஸ் 1905-இல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரி, 1919-இல் கல்கத்தாவிலும் 1929-இல் சென்னையிலும் கால்பதித்தது. மெல்வின் ஜோன்ஸ் 1917-இல் தொடங்கிய லயன்ஸ் சங்கம் 1956-இல் பம்பாய் வழியாக இந்தியாவுக்கு வந்து, தமிழில் அரிமா சங்கம் என்ற அழகான பெயரைப் பெற்றது. பெருநகரங்களில் தொடங்கிய இவ்வமைப்புகள் நாளடைவில் அருப்புக்கோட்டை போன்ற ஊர்களுக்கும் பரவின. இரண்டிலும் பிறப்பு கணக்கில்லை. ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவர் அழைக்க வேண்டும், சங்கம் ஏற்க வேண்டும், சந்தா கட்ட வேண்டும். புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கக் குறைந்தது 20 பேர் தேவை. அவர்களைச் சாசன உறுப்பினர்கள் என்றும், முதல் தலைவரைப் பட்டயத் தலைவர் என்றும் அழைப்பது வழக்கம். வேறு வேறு சாதிகளைச் சேர்ந்த மருத்துவரும் நூல் வியாபாரியும் வழக்கறிஞரும் மில் அதிபரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஊருக்கு என்ன செய்யலாம் என்று பேசுவதற்கு உறவின்முறைக்கு வெளியே ஓர் இடம் கிடைத்தது என்பது சிறிய மாற்றமன்று.

ரோட்டரியின் தொழில்வகைப்பாடு என்ற விதியும் இங்கே சொல்லத் தக்கது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பதே அதன் தொடக்ககால நெறி. ஊரின் எல்லாத் தொழில்களும் சங்கத்தில் இடம்பெற வேண்டும், எந்த ஒரு தொழிலும் மற்றதை அமுக்கிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். பல தொழில்கள் மலிந்த பெருநகரத்துக்கு இது பொருந்தும். நூற்பாலையும் நெசவும் நூல் வணிகமும் மேலோங்கிய ஊரில் அந்த நெறியை அப்படியே கடைப்பிடித்தால் தகுதியானவர்கள் பலர் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். காலப்போக்கில் அவ்விதி படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. வாரந்தோறும் கூட்டம், குறிப்பிட்ட விழுக்காடு வருகை கட்டாயம் என்ற கண்டிப்பும் 2016-இல் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் மன்றம் எடுத்த முடிவுகளால் இளகி, மாதம் இருமுறை கூடினால் போதும் என்ற நிலை வந்தது.

சந்தாவால் இயங்கும் சங்கத்தில் உறுப்பினர் எண்ணிக்கை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. அதற்கு ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. இவ்வமைப்புகளின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. ஜூலை 1 அன்றும் சனவரி 1 அன்றும் பதிவேட்டில் எத்தனை பெயர் உள்ளதோ அத்தனை பேருக்கும் சங்கம் ரோட்டரியின் உலகத் தலைமையகத்துக்குச் சந்தா அனுப்பியாக வேண்டும். ஆகவே ஜூன் கடைசி வாரத்தில் செயலாளர் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகத் தொலைபேசியில் அழைக்கிறார். ஒருவர் சந்தாவை நாளை அனுப்புவதாகச் சொல்கிறார். ஒருவர் மகன் வீட்டோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். மற்றொருவர் அழைப்பையே எடுப்பதில்லை. கட்டாதவர் பெயரை அடிக்காமல் விட்டால் அவருக்கான தொகையைச் சங்கமே சுமக்க வேண்டும். அடித்துவிட்டால் பல ஆண்டு உடன் உழைத்த மனிதர் மனம் நோவார். பதவியேற்பு விழா மேடையில் புதிய உறுப்பினர்களுக்குச் சட்டைப்பையில் சின்னம் குத்தும்போது கைதட்டுகிற கூட்டத்துக்கு, அதற்கு ஒரு வாரம் முன்பு பதிவேட்டிலிருந்து அமைதியாக மறைந்த பெயர்கள் தெரியாது. சேர்ந்தோர் தொகையிலிருந்து விலகியோர் தொகையைக் கழித்து வருவதே நிகர வளர்ச்சி; சேர்ந்தோரை மட்டும் அறிவிக்கும் பழக்கம் சங்கங்களுக்குப் பெருந்தீங்கு செய்கிறது.

தலைமைப் பதவி ஆண்டுதோறும் மாறுவதும் இதோடு சேர்கிறது. தலைவர் ஓராண்டுக்கு மட்டுமே பொறுப்பில் இருப்பதால், தம் காலத்தில் எண்ணிக்கை உயர்ந்ததாகக் காட்ட நண்பர்களையும் கடை ஊழியர்களையும் அவரே சந்தா கட்டிச் சேர்த்துவிடும்போது, அவர் பதவி இறங்கிய ஜூலையில் அவர்களும் இறங்கிவிடுகிறார்கள். வேலை கொடுத்துச் சேர்க்கப்பட்டவர் தங்குகிறார் என்பதும், பெயருக்குச் சேர்க்கப்பட்டவர் தங்குவதில்லை என்பதும் இச்சங்கங்களில் பல ஆண்டு உழைத்த எவரும் ஒப்புக்கொள்ளக் கூடியவை.

வேலை என்பது என்ன என்பதை ஒரு கண் சிகிச்சை முகாமில் காணலாம். 1925-இல் ஹெலன் கெல்லர் அரிமாக்களைப் பார்வையற்றோரின் காவலர்களாகும்படி வேண்டிக்கொண்டதிலிருந்து கண் பணி அவர்களின் அடையாளமாயிற்று. தென்மாவட்டங்களில் அதற்குப் பெருந்துணையானது, மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. பரிசோதனையும் அறுவையும் மருத்துவமனையின் பொறுப்பு; ஊருக்கு அறிவித்தல், இடம் பிடித்தல், கூட்டத்தை ஒழுங்குபடுத்துதல் ஆகியவை உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு என்ற பங்கீட்டில் அம்முகாம்கள் நடக்கின்றன. ஞாயிறு காலையில் பள்ளி வளாகத்தில் மேசை போட்டு, நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பேருந்தில் வந்திறங்கும் மூதாட்டியின் பெயர், வயது, ஊர் ஆகியவற்றை எழுதிக்கொள்ள ஒருவர் வேண்டும். கைபிடித்து அடுத்த வரிசைக்கு அழைத்துப்போக ஒருவர். கண்புரை என்று சொல்லிவிட்ட பிறகு, அறுவை என்றதும் மருண்டுபோய், வீட்டில் ஆடு மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று திரும்பப் பார்க்கிறவரிடம் உட்கார்ந்து பேசி, அவருடைய மஞ்சள் பையோடு மதுரைப் பேருந்தில் ஏற்றிவிட இன்னொருவர். இந்த மூன்றாவது ஆள்தான் உண்மையில் சங்கம். பதிவேட்டில் ஐம்பது பெயர் இருந்து அன்றைக்கு ஆறு பேர் வந்தால், அச்சங்கத்தின் பலம் ஆறுதான்.

பெண்கள் வந்த கதை தாமதமானது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987 மே மாதம் அளித்த தீர்ப்பால் அந்நாட்டு ரோட்டரி சங்கங்களின் கதவு பெண்களுக்குத் திறந்தது. 1989-இல் ரோட்டரி தன் விதியையே உலகளவில் மாற்றிக்கொண்டது. லயன்ஸ் அமைப்பும் 1987-இல் அதே முடிவை எடுத்தது. பின்னர் லயன்ஸ் கொண்டுவந்த குடும்ப உறுப்பினர் திட்டத்தில், ஒரு வீட்டில் முதலாமவர் முழுச் சந்தாவும் மற்றவர்கள் அகில உலகச் சந்தாவில் பாதியும் கட்டினால் போதும். கணவரோடு சேர்த்து மனைவி பெயரையும் எழுதி எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள இது எளிய வழியாகவும் பயன்படக்கூடும். மனைவியே செயலாளராகி முகாம் நடத்துகிற வழியாகவும் பயன்படக்கூடும். எது நடக்கும் என்பதை அந்தந்தச் சங்கத்தின் மனமே தீர்மானிக்கும்.

சந்தாவைக் கட்ட இயலாத உழவுத் தொழிலாளிப் பெண்கள், இச்சீமையில் வேறொரு வாசல் வழியாகச் சங்கத்துக்குள் வந்தார்கள். 12 முதல் 20 பேர் கொண்ட மகளிர் சுயஉதவிக் குழுக்களும், மதுரையிலிருந்து வளர்ந்த தானம் அறக்கட்டளையின் களஞ்சியக் குழுக்களும், கண்மாய்ப் பாசனதாரர்களைத் திரட்டும் அதன் வயலகங்களும் சேமிப்பையும் பொறுப்பையும் ஒன்றாக இணைத்தன. சேவைச் சங்கம் எனும் பெயர் இவற்றுக்கு இல்லாவிட்டாலும், வரத்துக்கால் தூர்வாருவதில் தொடங்கி ஊர்ப் பொதுக்காரியம் பலவற்றில் இவை ஈடுபடுகின்றன.

உலகளவில் ரோட்டரியின் உறுப்பினர் தொகை நெடுங்காலமாக ஏறத்தாழ 12 லட்சத்திலேயே நிற்கிறது. அமெரிக்காவில் தொகை குறைய, இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் கூட, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. உறுப்பினர் எண்ணிக்கையில் இந்தியா அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த சேகர் மேத்தா 2021-22-இல் உலகத் தலைவராக இருந்தபோது, ஒவ்வொருவரும் ஒருவரை அழைத்து வரும்படி கேட்டுக்கொண்டார். அமெரிக்க அரசியலறிவியலாளர் இராபர்ட் புட்னம் 2000-இல் வெளியிட்ட நூல், இத்தகைய சங்கங்கள் தேய்வதை அந்நாட்டுப் பொதுவாழ்வின் தேய்வாகவே கண்டது. அருப்புக்கோட்டைச் சீமையின் நிலை அதிலிருந்து வேறுபட்டது. இங்கே சங்க ஆர்வம் வற்றியதால் மட்டும் ஆள் குறைவதில்லை. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும், மானாவாரி பொய்த்த குடும்பங்கள் திருப்பூருக்கும் போய்விடுவதால் குறைகிறது. லியோ, ரோட்டராக்ட் போன்ற இளைஞர் அமைப்புகளில் கல்லூரிக் காலத்தில் நன்கு உழைத்த ஒருவர், படிப்பு முடிந்து பேருந்து ஏறும்போது, அவருக்குக் கிடைத்த பயிற்சியும் அவரோடு ஊரைவிட்டுப் போகிறது.

ஆனால் அதே இளைஞர் பங்குனியிலும் சித்திரையிலும் அம்மன் பொங்கலுக்கு ஊர் திரும்புகிறார். திருப்பூரில் இருந்தாலும் தலைக்கட்டு வரியைக் கட்டிவிடுகிறார். கட்டியவர் பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறார். சந்தா நின்றதும் பெயரை அடித்துவிடும் சங்கப் பதிவேட்டில் இவருக்கு இடமில்லை. ஊரைவிட்டுப் போனவர்களுக்கென்று பதிவேட்டில் ஒரு தனிப் பக்கத்தை ஒதுக்கி, அம்மன் பொங்கலை ஒட்டி முகாம் தேதியை வைத்து, பெயர் எழுதும் மேசையை அந்த நாள் முழுவதும் அவர்களிடமே ஒப்படைப்பதற்கு எந்த அகில உலகத் தலைமையகத்தின் அனுமதியும் தேவையில்லை.