ஐந்து பொருள் பானகம்

விருந்துக்குரிய 'பஞ்ச்' என்னும் பானத்தை ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் அறிந்தனர். ஐந்தைக் குறிக்கும் 'பஞ்ச' என்ற சொல்லே அப்பெயராயிற்று என்பர். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நறுமணப் பொருள், நீர் ஆகியவை அவ்வைந்து. நம் பானகத்திலும் ஐந்து பொருள்கள் உள. சாராயம் மட்டும் இல்லை.

ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் 150 கிராம் வெல்லத்தைக் கரைத்து, மண் நீங்க வடிகட்டுவோம். சிறிது சுக்குத்தூளும் ஏலப்பொடியும் சேர்த்து, இறுதியில் இரண்டு எலுமிச்சம்பழங்களைப் பிழிவோம். புளிப்பு உலோகத்தை அரிக்குமாதலால் பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களைத் தவிர்ப்போம்.

பிரிக்பீல்ட்சில் கிறிஸ்துமஸ் விருந்தாயினும், பத்துமலைத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலாயினும், இதனைப் பேரனும் பாட்டியும் ஒருங்கே அருந்தலாம். முன்னாளில் தோட்டங்களில் கள்ளும் சம்சுவும் எத்தனையோ குடும்பங்களின் கூலியைக் கரைத்தன. நாம் வெல்லத்தைக் கரைப்போம், குடும்பத்தைக் காப்போம்.